டரான்டுலா பந்தை நகர்த்துவது விளையாட்டா?

பெங்களூரு பானஸ்வாடியில் அடுக்குமாடி வீடொன்றில் டரான்டுலா என்னும் முடியடர்ந்த பெருஞ்சிலந்தியை வளர்க்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. அவரிடம் இருப்பது சாக்கோ கோல்டன் நீ எனப்படும் இனம். தொட்டிக்குள் அவர் போட்டுவைத்த சிறு பிளாஸ்டிக் பந்து காலையில் பார்த்தால் வேறோர் இடத்தில் கிடக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தில் மண் நிரம்பியிருக்கிறது. மற்றபடி அந்தச் சிலந்தி நாள்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இது விளையாட்டா, சலிப்பா என்று கேட்கிறார். இன்னும் சில பொருள்களை வாங்கிப் போடலாமா, தினமும் கையில் எடுத்து உலவ விடலாமா, துணைக்கு நம் ஊர்க் காட்டு இனம் ஒன்றைச் சேர்க்கலாமா என்பவையும் கூடவே வருகின்றன.

கூர்ந்து பார்த்தால் இவற்றுக்கு அடியில் இரண்டே கேள்விகள் இருக்கின்றன. சிலந்திக்கு விளையாடும் மனம் உண்டா என்பது ஒன்று. நான் இதைச் சரியாக வைத்திருக்கிறேனா என்பது மற்றொன்று. முதலாவது, அறிவியலில் இன்னும் முடிவாகாதது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் உறுதியான பதில் உண்டு; முதல் கேள்வி தீரும்வரை அது காத்திருக்க வேண்டியதும் இல்லை. நான் விலங்கியல் படித்தவன், சிலந்திகளின் நடத்தையைச் சிறப்புப் பாடமாக எடுத்தவன். பெங்களூரில் இவற்றை வளர்ப்பவர்களின் தொட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து யோசனை சொல்லிவருகிறேன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆகவே நோய், காயம் பற்றி இங்கே சொல்பவை முன்னெச்சரிக்கை அளவில் மட்டுமே.

விளையாட்டு என்று எதைச் சொல்வது என்பதில் விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் பலர் கோர்டன் பர்கார்ட் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்த ஐந்து அளவுகோல்களைக் கையாளுகிறார்கள். அந்தச் செயலால் அந்த நேரத்தில் பிழைப்புக்கு நேரடிப் பயன் ஏதும் இருக்கக் கூடாது. விலங்கு அதைத் தானாக விரும்பிச் செய்ய வேண்டும். இரை பிடித்தல், சண்டை, இணைசேர்தல் போன்ற மெய்யான செயல்களிலிருந்து வடிவத்திலோ காலத்திலோ அது வேறுபட வேண்டும். திரும்பத் திரும்ப நிகழ வேண்டும், ஆனால் கூண்டுப் புலி ஒரே தடத்தில் நடப்பது போன்ற இறுகிய பழக்கமாக இருக்கக் கூடாது. கடைசியாக, பசியோ அச்சமோ நெருக்கடியோ இல்லாத நிம்மதியான நிலையில் அது தொடங்க வேண்டும். ஐந்தும் ஒருங்கே பொருந்தினால்தான் விளையாட்டு என்று சொல்லத் துணிவார்கள். ஒன்று குறைந்தாலும் வேறு பெயர்தான்.

முதுகெலும்பு இல்லாத உயிர்கள் இந்த வரையறைக்குள் வரவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. சியாட்டில் மீன்காட்சியகத்தில் எட்டு ஆக்டோபஸ்களிடம் மிதக்கும் மாத்திரைப் புட்டியைக் கொடுத்துப் பார்த்ததில், இரண்டு மட்டும் அதன்மேல் மீண்டும் மீண்டும் நீரைப் பீய்ச்சித் தொட்டியைச் சுற்றி வரச் செய்தன என்று 1999-இல் எழுதப்பட்டது. 2022-இல் லண்டன் ஆய்வகம் ஒன்று பம்பிள் தேனீக்களுக்கு நடுவே சிறு மரப்பந்துகளை வைத்தது. உணவும் கிடைக்காமல் வேறு பரிசும் இல்லாமல் அவை பந்துகளைக் கட்டிப்பிடித்து உருட்டின. ஒரே தேனீ நூறு தடவைக்கும் மேல் உருட்டியதும் உண்டு, இளம் தேனீக்கள் முதியவற்றைவிட அதிகமாக உருட்டின. அளவுகோல்களை ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்த ஆய்வு அது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

சிலந்திகளுக்கு வந்தால் சான்று மெலிந்துவிடுகிறது. அனலோசிமஸ் ஸ்டூடியோசஸ் என்ற சிறு வலைச்சிலந்தியில், இன்னும் முதிராத பெண்ணோடு ஆண் இணைசேர்வதுபோல் பழகுவதை ஒருவகை விளையாட்டாகக் கொள்ளலாம் என்று 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவருடைய வேறு பல கட்டுரைகள், தரவுகளில் கண்ட முறைகேடுகள் காரணமாக 2020 முதல் ஆய்விதழ்களால் திரும்பப் பெறப்பட்டன. ஆகையால் இந்தக் கட்டுரையின்மேல் எடை ஏற்ற எனக்குத் தயக்கம் உண்டு. அப்படியே ஏற்றாலும், அது சில மில்லிமீட்டர் நீளமுள்ள, கூடி வாழும் இனத்தின் கதை. டரான்டுலா அதிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துபோன கிளையைச் சேர்ந்தது, தனித்து வாழ்வது. டரான்டுலா விளையாடுகிறது என்று அளவுகோல்களை வைத்து நிறுவிய ஆய்வு எதையும் நான் கண்டதில்லை. காணொளிகளை எத்தனையோ பேர் அனுப்புகிறார்கள். ஆனால் அவற்றில் பந்து நகர்வது தெரிகிறதே தவிர, எதற்காக நகர்கிறது என்பது தெரிவதில்லை.

பந்து நகர்வதற்கு எளிய விளக்கம் ஒன்று இருக்கிறது. சாக்கோ கோல்டன் நீ தென் அமெரிக்காவின் பராகுவே, அர்ஜென்டினாப் பகுதியில் பரந்திருக்கும் சாக்கோ புல்வெளிக்காட்டைச் சேர்ந்தது. தரையில் வாழ்வது, வாய்ப்புக் கிடைத்தால் வளை தோண்டுவது. தோண்டும் டரான்டுலாவை இரவில் மங்கிய சிவப்பு விளக்கில் பார்த்தால் வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது புரியும். முன்கால்களாலும் வாயருகே உள்ள குறுங்கால்களாலும் மண்ணைத் தன் பக்கம் வாரி இழுக்கிறது. நச்சுப் பற்களால் அதை அழுத்திப் பிடிக்கிறது. சில சமயம் பின்னுடலை வளைத்துக் கொண்டுவந்து இழைநூலைச் சுற்றி, உதிரிமண்ணைக் கட்டியாக்கிவிடுகிறது. பிறகு அந்தக் கட்டியைத் தூக்கியபடி நுனிக்கால்களால் நடந்து, தொட்டியின் மறுகோடிக்குப் போய், பற்களைத் தளர்த்திக் கீழே போட்டுவிட்டு, வந்த வழியே திரும்புகிறது. வழியில் கிடக்கும் கூழாங்கல், காய்ந்த இலை, பிளாஸ்டிக் பூ எல்லாமே அதற்கு ஒன்றுதான்; தூக்க முடிந்தால் தூக்கும், முடியாவிட்டால் தள்ளும். எடையில்லாத உருண்டைப் பந்து ஒரு தள்ளலில் மண்கட்டியைவிட நெடுந்தூரம் ஓடிவிடும். நமக்கு அது உதைபந்தாட்டம்போல் தெரிவதற்கு அந்தப் பந்தின் வடிவமே பாதிக் காரணம்.

மீதிப் பாதிக்குக் காரணம் அதன் புலன்கள். டரான்டுலாவுக்குக் கண்கள் எட்டு இருந்தும் பார்வை மிக மங்கலானது. அதிர்வையும் காற்றசைவையும் காலிலுள்ள நுண்பிளவுகளாலும் மெல்லிய முடிகளாலும் அறிகிறது. கால்நுனி முடிகளால் தொட்டே சுவையறிகிறது. ஆகவே புதிய பொருளைத் தொட்டுப் பார்ப்பதும், சில சமயம் பாய்ந்து கவ்விவிட்டுக் கீழே போடுவதும் விசாரணைதான். பெரு நாட்டின் தென்கிழக்குக் காடுகளில் ஜெனெஸ்திஸ் என்ற பெருஞ்சிலந்தியின் வளையிலேயே ஒரு சிறு தவளை குடியிருக்கிறது. சிலந்தி அந்தத் தவளையைப் பிடித்து வாயருகே கொண்டுபோய் ஆராய்ந்துவிட்டுக் காயமின்றி விட்டுவிடுவதை ஆய்வாளர்கள் 1989-இல் பதிவு செய்திருக்கிறார்கள். தவளையின் தோலிலுள்ள ஏதோ ஒரு வேதிப்பொருள் இது உணவல்ல என்று தெரிவிக்கிறது என்பது அவர்கள் ஊகம். உங்கள் பந்தும் பெரும்பாலும் இதே விசாரணைக்குத்தான் ஆளாகிறது. இரை பிடித்தபின் உடலை உயர்த்தி வட்டமாகச் சுழலும் செயலை வளர்ப்பவர்கள் ஆனந்த நடனம் என்கிறார்கள். அதுவும் தரையில் இழைநூல் விரித்து, அதன்மேல் இரையைச் சேர்த்துக் கட்டும் வேலைதான். பின்னுடல் நுனியைக் கவனித்தால் நூல் வெளிவருவது தெரியும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். நீங்களே சோதிக்க வழி உண்டு. பந்தை எடுத்துவிட்டு, ஏறத்தாழ அதே அளவுள்ள கழுவிய கூழாங்கல் ஒன்றையும் ஒரு கார்க் பட்டைத் துண்டையும் வையுங்கள். சில வாரங்கள் கழித்துப் பந்தை மீண்டும் வையுங்கள். ஒருமுறை வளை வாயிலருகே, மறுமுறை அது நடமாடாத மூலையில். வாயிலருகே வைத்தவை மட்டும் நகர்ந்து, மூலையில் வைத்தவை அப்படியே கிடந்தால், இது துப்புரவு வேலை. எங்கே வைத்தாலும் தேடிப்போய்ப் பந்தையே நகர்த்தி, கல்லையும் பட்டையையும் விட்டுவிட்டு, வயிறு நிறைந்த அமைதியான இரவுகளிலும் அதைத் தொடர்ந்தால், அது சுவையான செய்தி. சிவப்பு வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். ஒரு தொட்டியில் ஒரு சிலந்தியை வைத்துச் செய்வதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. ஆயினும் ஆசையையும் காட்சியையும் பிரித்துப் பார்க்க இது உதவும்.

பிளாஸ்டிக் பந்தால் கெடுதல் உண்டா என்றால், கெட்டியான, சாயம் போகாத பந்தால் பெரிய கெடுதல் இல்லை. தெர்மோகோல் உருண்டை வேண்டாம். பற்கள் பதிந்தால் துகள் உதிரும். தண்ணீர்க் கிண்ணத்தில் மண் போடுவது பற்றி வளர்ப்பவர்களிடையே பல விளக்கங்கள் உலவுகின்றன. ஈரத்தை மண்ணுக்குள் உறிஞ்சி இழுப்பதற்காக என்பது அவற்றுள் ஒன்று. எனக்கு அது அறிவுக்கு ஒத்ததாகத் தோன்றினாலும் உறுதியானது என்று சொல்லமாட்டேன். தோண்டிய மண்ணைக் கொட்ட வசதியான பள்ளம் அது என்பதே போதுமான காரணமாக இருக்கலாம். கிண்ணத்தை வளை வாயிலுக்கு எதிர்க்கோடியில் வைத்துப் பாருங்கள். மண் விழுவது குறைந்தால் விடை கிடைத்துவிடும்.

அசையாமல் இருப்பதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று நினைக்கிறேன். இதில் என்னால் தயக்கமின்றிப் பேச முடியும். டரான்டுலா பதுங்கியிருந்து வேட்டையாடும் விலங்கு. ஓய்வில் அதன் உடல் செலவிடும் ஆற்றல் மிகக் குறைவு. நன்கு உண்ட பெண் மாதக்கணக்கில் உணவின்றி இருந்தும் நலமாகவே இருக்கும். டரான்டுலாவின் தூரத்து உறவான, வளை வாயிலுக்குக் கதவுபோல் மூடி அமைக்கும் பொறிக்கதவுச் சிலந்தி ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர்களின் கண்காணிப்பில் இருந்தது. பார்பரா யார்க் மெயின் என்ற சிலந்தியியலாளர் 1974-இல் தொடங்கிய ஆய்வில் அதற்கு 16 என்று எண் இட்டார். 43 ஆண்டுகள் அது ஒரே வளையில் வாழ்ந்தது. 2016-இல் போய்ப் பார்த்தபோது கதவை ஒட்டுண்ணிக் குளவி துளைத்திருந்தது, சிலந்தியைக் காணவில்லை. அந்தச் சிலந்தியின் முழு வாழ்க்கையும் சில அடிப் பரப்புக்குள் முடிந்தது, அதுவும் திறந்த காட்டில், எங்கும் போகத் தடையில்லாத இடத்தில். நாய்க்கும் கிளிக்கும் சலிப்பு என்று நாம் சொல்லும் நிலையை இத்தகைய உயிரின்மேல் ஏற்றிப் பார்ப்பது பொருந்தாது.

அசைவின்மை சில சமயம் தோலுரிப்புக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கும். இரையைத் தள்ளிவிடும், பின்னுடலில் முடி உதிர்ந்து வழுக்கையான இடம் இருந்தால் அது கருத்துப் பளபளக்கும், தரையில் இழைநூலால் பாய் விரிக்கும், பிறகு ஒருநாள் மல்லாந்து படுத்திருக்கும். இறந்துவிட்டது என்று பதறிப் புரட்டிவிடாதீர்கள். கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டு, நிமிர்ந்த நிலையில் கிடப்பதே கவலைக்குரியது. தோலுரித்த புதிதில் பற்களும் வெண்மையாக, மென்மையாக இருக்கும். அவை கருத்து இறுகும் வரை உயிருள்ள இரையை உள்ளே விட வேண்டாம். ஒரு சுவர்க்கோழி போதும், மென்மையான சிலந்தியைக் கடித்துக் குதறிவிட.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது ஓயாத நடமாட்டத்தைக் கண்டுதான். இரவு முழுதும் கண்ணாடிச் சுவரில் ஏறி இறங்குகிறது, மூடியின் ஓரத்தையே துருவுகிறது, தரையில் கால் வைக்க விரும்பாமல் கிண்ணத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது என்றால், அதைச் சுறுசுறுப்பு என்று மகிழக் கூடாது. புதுத் தொட்டிக்கு மாற்றிய முதல் வாரங்களில் இது இயல்பு. அது கடந்தும் தொடர்ந்தால் மண் ஈரமாக ஊறியிருக்கிறதா, பதுங்க இடம் இல்லையா, அருகில் ஒலிபெருக்கியோ துணி துவைக்கும் இயந்திரமோ அதிர்கிறதா என்று பாருங்கள். வாயருகே உள்ள குறுங்கால்களின் நுனி குமிழாகத் தடித்திருந்தால் அது முதிர்ந்த ஆண். பெண்ணைத் தேடி அலைவது அதன் இறுதிப் பருவத்தின் இயல்பு, எந்தப் பொம்மையாலும் தீராது. இன்னொன்றும் உண்டு: கம்பிவலை மூடியில் ஏறும்போது கால்நுனி நகங்கள் வலைக்கண்ணில் சிக்கிக் காலே கழன்றுவிடக்கூடும். துளையிட்ட அக்ரிலிக் மூடி பாதுகாப்பானது.

அப்படியானால் சூழலை வளப்படுத்துவது என்பது இதற்குப் பொருந்தாததா? பொருந்தும், ஆனால் நாம் எண்ணும் வழியில் அன்று. ஃபிடிப்பஸ் என்ற குதிக்கும் சிலந்தியை வைத்து 2000-இல் வெளிவந்த ஆய்வு, அது வளர்ந்த கூண்டின் அளவும் உள்ளமைப்பும் பிற்கால நடத்தையை மாற்றுகின்றன என்று காட்டியது; வெறுமையான சிறு கூண்டில் வளர்ந்தவை புதிய இடத்தை ஆராய்வதில் பின்தங்கின. குதிக்கும் சிலந்தி கண்ணால் வாழ்வது, பகலில் திரிவது. டரான்டுலாவுக்கு அந்த முடிவை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் சூழல் ஒரு பொருட்டே அல்ல என்று சொல்வோருக்கு அது தக்க மறுப்பு. என் நெடுநாள் அனுபவம் சொல்வது இதுதான்: டரான்டுலாவுக்குத் தேவை புதுமை அன்று, தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் தானே மாற்றிக்கொள்ளும் உரிமையும். உலர்ந்த மூலையும் சற்றே ஈரமான மூலையும், இருட்டும் அரையிருட்டும், ஆழமும் மேற்பரப்பும் ஒரே தொட்டிக்குள் இருந்தால் அது இரவுக்கிரவு தனக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்ளும். அந்தத் தேட்டமே அதற்கான நடமாட்டம்.

கைக்கு வரும் காரியமாகச் சொன்னால் முதலில் ஆழம். உங்கள் இனத்தின் வளர்ந்த சிலந்திக்குப் பதினைந்து சென்டிமீட்டராவது மண் வேண்டும். அழுத்திக் கெட்டிப்படுத்திய மண், பொலபொலவென்று உதிர்வது அன்று. தோட்டத்துக்கு விற்கும் கோகோபீட் கட்டியை வாங்கினால் உரம் கலக்காததா என்று பாருங்கள்; தென்னைநார்த் தூளில் உப்பு தங்கியிருக்கும், இரண்டு மூன்று தடவை நீரில் அலசிப் பிழிந்து வெயிலில் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். அதோடு பூச்சிமருந்து படாத செம்மண் கொஞ்சம் கலந்தால் வளையின் சுவர் சரியாமல் நிற்கும். மண்பரப்பிலிருந்து மூடிவரை உள்ள உயரம் சிலந்தியின் கால்விரிப்பைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். அதற்குமேல் உயரம் என்பது விழுவதற்கான தூரம்தான். பாதி புதைத்த கார்க் பட்டையோ உடைந்த மண்சட்டியோ வளைக்குத் தொடக்கமாக அமையும். நூல் கட்டப் பிடிமானமாகச் சில குச்சிகளும் வேர்த்துண்டுகளும் இருக்கட்டும். இரையை இடுக்கியால் வாயருகே நீட்டுவதைக் குறைத்து, உயிருள்ள சுவர்க்கோழியையோ டூபியா கரப்பானையோ தொட்டியின் மறுகோடியில் விடுங்கள். அதிர்வைக் கேட்டுத் திரும்புவதும், காத்திருப்பதும், பாய்வதும் அதன் இயல்பான திறன்கள்; அவற்றைப் பயன்படுத்த இடம் தருவதைவிடப் பெரிய வளம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் செய்தபின் தொடாமல் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை புதிதாக அலங்கரிப்பது குரங்குக்கும் கிளிக்கும் நல்லதாக இருக்கலாம். டரான்டுலா விரித்த நூல் அதன் தொடுபுலனின் நீட்சி. யார் வந்தார், எது நகர்ந்தது என்பதை அது அந்த நூல்வழியே அறிகிறது. அதைக் கலைத்தால் மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அமெரிக்கப் பாலைவன இனமான அஃபோனோபெல்மா சால்கோடிஸ் கற்றுக்கொள்ளக்கூடியது என்று 1988-இல் ஆய்வு காட்டியிருக்கிறது. நீங்கள் மூடியைத் திறக்கும்போதெல்லாம் வீடு குலைந்தால், அது கற்றுக்கொள்வதும் அதையே என்று நினைக்கிறேன். இந்தக் கடைசி வாக்கியம் என் கருத்து, ஆய்வு முடிவு அன்று.

பெங்களூரின் தட்பவெப்பம் இந்த இனத்துக்குத் தோதானது. குளிர்கால இரவில் 15 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலும் வீட்டுக்குள் அவ்வளவு குளிராது. அடியில் வைக்கும் வெப்பத் தகடு வேண்டியதில்லை. மண்ணுக்குள் போனால் குளிர்ச்சி என்று இயல்பாக அறிந்த விலங்கு, தகட்டின் சூட்டை நோக்கியே தோண்டிக்கொண்டு போய் வறண்டுவிடும். இங்கே உண்மையான அபாயம் கொசுவிரட்டி. சுவரில் செருகும் திரவத்திலும் கொசுவர்த்திச் சுருளிலும் இருப்பவை பைரித்ராய்டு வகை நஞ்சுகள். கணுக்காலிகளின் நரம்பையே தாக்குபவை, கொசு என்றும் சிலந்தி என்றும் பார்ப்பதில்லை. தொட்டி இருக்கும் அறையில் அவை கூடவே கூடாது. வலை அடித்த சன்னலும் கொசுவலையும்தான் வழி. குடியிருப்புச் சங்கத்தார் பூச்சிமருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு, தொட்டியை வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியை இரையாகப் போடாதீர்கள். வளர்க்கும் சுவர்க்கோழிக்கும் சந்தைக் கீரையைக் கழுவாமல் கொடுக்காதீர்கள். நடையில் தள்ளாட்டமும் கால்களில் வெட்டிவெட்டி இழுப்பும் தெரிந்தால் நஞ்சு என்று முதலில் சந்தேகப்பட்டு, காற்றோட்டமான இடத்தில் புதிய மண்ணும் தண்ணீரும் வைத்து, அயல்விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரை அணுகுங்கள்.

கையில் எடுத்து உலவ விடுவதைப் பற்றி: அது உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம், சிலந்திக்கு எந்த நன்மையும் இருப்பதாகச் சான்றில்லை. டரான்டுலாவின் காலில் சில மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் கால் நீள்கிறது. பின்னுடலோ மெல்லிய தோற்பை. கட்டில் உயரத்திலிருந்து விழுந்தாலே அது கிழிந்து, திரவம் வடிந்து, கால்கள் செயலற்றுப் போகலாம். மேலும் தென் அமெரிக்க இனங்கள் கலவரப்பட்டால் பின்னுடல் முடிகளைக் கால்களால் உதறிவிடும். தோலில் பட்டால் நாள்கணக்கில் அரிக்கும், கண்ணில் பட்டால் விழித்திரைவரை தொல்லை தந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்க வேண்டாம். தொட்டியை மாற்ற வேண்டிய நேரத்தில் டப்பாவைக் கவிழ்த்து, அட்டையை அடியில் நுழைத்து எடுங்கள்.

துணை வேண்டுமா என்பதற்குச் சுருக்கமான பதில், வேண்டாம் என்பதே. சொகோத்ரா தீவின் மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபூரி போன்ற மிகச் சில இனங்களை வளர்ப்பில் கூட்டமாக வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு மரவாழ் இனமான பீசிலோதீரியாவின் குஞ்சுகள் ஒரே மரப்பொந்தில் சில காலம் சேர்ந்திருப்பதும் உண்டு. உங்களிடம் உள்ள இனம் அப்படிப்பட்டதன்று. இன்னொன்றை உள்ளே விட்டால் இரண்டில் ஒன்று உணவாகும்.

தனித் தொட்டியில் வைக்க நம் காட்டு இனம் ஒன்றை வாங்கலாமா என்பதற்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. நீல நிறத்துக்காக உலகமே தேடும் பீசிலோதீரியா மெட்டாலிக்கா, ஆந்திரத்தின் குத்தி என்ற ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து 1899-இல் விவரிக்கப்பட்டது. பிறகு நூறாண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. அழியும் விளிம்பில் உள்ளது என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. விறகுக்காக மரம் வெட்டுவதோடு, நம்மைப் போன்ற வளர்ப்பு ஆர்வலர்களுக்காகப் பிடித்து விற்பதும் அதன் நலிவுக்கு ஒரு காரணம். பீசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அந்த ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள இனங்களை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பிரேக்கிபெல்மா பேரினத்தைச் சேர்ந்த மெக்சிகோ இனங்களும் அதே பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டுச் சிலந்தி என்பதாலேயே விலக்கு என்று எண்ணிவிடாதீர்கள். எதை வாங்கினாலும் இனத்தின் அறிவியல் பெயரையும், அது வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான தாளையும் விற்பவரிடம் கேளுங்கள். கேட்ட உடனே பேச்சை மாற்றினால் அங்கே வாங்காதீர்கள்.